ரயரில் எழுதியிருந்த திகதி

பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவனுக்குத் திகதியைப் பார்க்காமல் எதையும் நம்பமுடியாத ஒரு நோய் பிடித்துவிடும். அறிக்கை வந்தால் முதலில் திகதி. புகைப்படம் வந்தால் அது எடுக்கப்பட்ட நாள். மரண அறிவித்தலில்கூடத் திகதியையும் கிழமையையும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுப்போம். அப்படிப்பட்ட நான், 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு கடையில் இரண்டு ரயர்களை வாங்கி, அவற்றின் பக்கச் சுவரில் அச்சாகியிருந்த திகதியைப் பார்க்காமலே சுருவிலுக்கு அனுப்பி வைத்தேன். அதன் பலனை 2024 பெப்ரவரியில், ஊர்காவற்றுறைக்குப் போகும் வீதியில், நடுப்பகல் வெயிலில் நின்று கண்ணால் கண்டேன்.

சுருவில் எங்கள் ஊர். ஒல்லாந்தர் லைடன் என்று பெயர் சூட்டிய தீவில், ஊர்காவற்றுறைப் பக்கமாக இருக்கிறது. கடல் ஆழம் குறைந்தது. வள்ளத்தைக் கரைக்குக் கிட்டவே கட்டி வைக்கலாம். வருடத்தில் மூன்று நான்கு தடவைகள்தான் அதைத் தரைக்கு ஏற்ற வேண்டி வரும்: அடியைச் சுரண்ட, பைபர் ஒட்ட, அல்லது வாடைக்காற்று மூர்க்கமாக வீசும் நாட்களில். முன்பு பனங்குற்றிகளைப் போட்டு, பத்துப் பேர் தோள் கொடுத்து இழுப்பார்கள். இன்று அந்தப் பத்துப் பேரில் ஐந்து பேர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். ஆகவே சில்லுப் பூட்டிய வண்டியொன்று தேவைப்படுகிறது. காசுள்ள நாடுகளில் இதனைப் படகு ட்ரெயிலர் என்று கடையில் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது அத்தான் தன் கையால் செய்வித்தது. அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அத்தான் 2019இல் காலமானார். அவருடைய 18 அடி வள்ளமும் வெளியிணைப்பு இயந்திரமும் அந்த வண்டியும் மருமகன் கைக்கு வந்தன. வண்டியின் பழைய ரயர்கள் நைந்துபோய்விட்டன என்று அவன் சொன்னபோதுதான் நான் கடைக்குப் போனேன். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் ரயர் விலை ஏறியிருந்த காலம் அது. கடைக்காரர் உள்ளே போய், தூசி தட்டி, இரண்டு ரயர்களைக் கொண்டு வந்தார். ஒரு நாள்கூடப் பாவிக்காதவை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வரிகள் ஆழமாக இருந்தன. வார்ப்பில் முளைத்த சிறு றப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. நான் கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டு வீடு வந்தேன்.

பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டை இலங்கையில் வாழ்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்து மீனவருடைய இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. முதலில் மண்ணெண்ணெய் இல்லாமற் போனது. ஆகஸ்டில் அது மீண்டும் கிடைக்கத் தொடங்கியபோது, லீற்றர் 87 ரூபாவாக இருந்த விலை ஒரே நாளில் 340 ரூபாவாகியிருந்தது. மருமகன் வள்ளத்தை வண்டியில் ஏற்றி வளவுக்குள் இழுத்து வந்து விட்டான். தான் வேறொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போனான். ஒன்றரை வருடம் அந்த வள்ளம் தன் முழுப் பாரத்தையும் அந்த இரண்டு ரயர்களின் மேல் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நின்றது. சோழகக் காற்றுக் காலத்தில் உப்பும் மணலும் வந்து அடித்தன. காற்று மெல்ல மெல்ல இறங்கி, ஒரு சில்லு முற்றாகவே சப்பையாகிவிட்டது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை. சப்பையானால் என்ன, காற்றடித்தால் எழும்பும்தானே?

2024 பெப்ரவரியில் வள்ளத்தைத் திருத்தி மீண்டும் இறக்குவது என்று முடிவாயிற்று. நானும் லீவில் நின்றேன். காலையில் காற்றடித்தார்கள், சில்லு எழும்பிற்று. "ரயர் தேயவே இல்லை மாமா, புதுசு மாதிரிக் கிடக்கு" என்றான் மருமகன். நானும் குனிந்து பார்த்துத் தலையாட்டினேன். லான்ட்மாஸ்டரின் பின்னால் வண்டியைக் கொளுவி நடைவேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தோம். அவனுடைய சிநேகிதன் வள்ளம் ஆடாதபடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தும் ஓடியும் வந்தான். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால். வீதியில் ஒரு சிறு குழி. சில்லு இறங்கி ஏறியதும் வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் தலைமுறைக்கு அந்தச் சத்தம் கேட்டால் முதலில் கால் மடியும். பிறகுதான் என்னவென்று யோசிப்போம். நிமிர்ந்து பார்த்தபோது வண்டி ஒரு பக்கம் குத்தென்று இருந்தது. வள்ளம் கயிற்றை அறுத்துக்கொண்டு சரிந்து மதகுக் கட்டில் அணியத்தை மோதிக் கிடந்தது. அந்தப் பொடியன் பாய்ந்துவிட்டான். அவன் கால் நின்ற இடத்துக்கும் வள்ளத்தின் அடிக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும், கூட இராது.

கிழிந்த ரயரைக் கழற்றிப் போட்டபோதுதான் பார்த்தேன். தரையில் உருளும் முகம் உண்மையாகவே புதிது. பக்கச் சுவரோ வறண்ட குளத்தின் அடி வெடித்ததுபோல் நுணுக்க வெடிப்புகளால் நிறைந்திருந்தது. அதன் நடுவே டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் ஒரு வரி. அதன் இறுதியில் நான்கு இலக்கங்கள்: 1411. முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 2011ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். நான் வாங்கிய அன்றே அதற்கு ஏறத்தாழப் பத்து வயது. வெடித்த அன்று பதின்மூன்றை எட்டிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் பெரும்பாலான ரயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. எழுத்தறிவுள்ள எவரும் வாசிக்கலாம். நான் வாசிக்கவில்லை.

அதன்பின் சில வாரங்கள் றப்பரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். குற்ற உணர்வு நல்ல ஆசிரியன்.

ரயர் ஓடித் தேய்ந்துதான் முடிகிறது என்று நாம் நினைக்கிறோம். காருக்கும் பஸ்ஸுக்கும் அது பொருந்தும். வருடத்தில் நான்கு நாள் உருண்டு மிகுதி நாளெல்லாம் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தாது. அது நின்றுதான் சாகிறது. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர், வெப்பம், காற்றிலுள்ள ஒட்சிசன், ஓசோன் ஆகிய நான்கும் சேர்ந்து றப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுக்கின்றன. புறஊதாக் கதிரைத் தாங்கத்தான் ரயருக்குள் கரிப்பொடி சேர்க்கிறார்கள். அது உறுதியையும் கொடுக்கிறது. ஆரம்பகால ரயர்களில் கரி இல்லை, அவை வெளிறிய நிறம். மிச்செலின் நிறுவனத்தின் 1898ஆம் ஆண்டுப் பொம்மை மனிதன் இன்றுவரை வெள்ளையாக இருப்பது அதனாலேயே. வெப்பத்தைப் பற்றி இரசாயனத்தில் ஒரு தோராயக் கணக்குண்டு: பத்துப் பாகை செல்சியஸ் ஏறினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். கறுத்த ரயரொன்று எங்கள் சித்திரை வெயிலில் சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு சூடாகும் என்பதைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவர்.

என்னை அதிகம் வியக்க வைத்தது ஓசோன். வானத்தில் உயரத்தில் இருந்து நம்மைக் காக்கும் அதே வாயு, தரைமட்டத்திலும் பத்துக் கோடியில் சில பங்கு என்ற அளவில் இருக்கிறது. இழுபட்ட நிலையிலுள்ள றப்பரைத்தான் அது கடித்து வெடிக்க வைக்கும். இழுபடாத றப்பரில் அந்த வெடிப்பு விழுவதில்லை. பாரத்துடன் நிற்கும் சில்லின் அடிப்பக்கம் பிதுங்கி, அந்தப் பிதுக்கத்தின் தோல் இரவும் பகலும் இழுபட்டே இருக்கிறது. காற்று இறங்க இறங்கப் பிதுக்கம் கூடுகிறது. இதற்கும் மருந்தாக ரயருக்குள் ஒருவகை மெழுகையும் ஓசோன் எதிர்ப்புப் பொருட்களையும் கலந்திருக்கிறார்கள். சில்லு உருண்டு, றப்பர் மடங்கி நிமிரும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து ஒரு மெல்லிய போர்வையாகப் படியும். நின்ற சில்லில் அந்தப் போர்வை புதுப்பிக்கப்படுவதில்லை.

கடையில் பத்து வருடம் கிடந்த ரயர் எனக்கு ஏமாற்றமாக முடிந்ததும் இதனாலேயே. சில பெரிய உற்பத்தியாளர்கள் ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள். பத்து வயதானால் தேயாவிட்டாலும் மாற்றச் சொல்கிறார்கள்.

இது ஏதோ ஏழை நாட்டின் சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 2012 செப்டெம்பரில் இங்கிலாந்தில், வைற் தீவில் நடந்த இசைவிழாவிலிருந்து லிவர்பூலுக்கு இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய பஸ் ஒன்றின் முன் ரயர் சறே மாவட்டத்தில் வெடித்தது. சாரதியும் இரு இளைஞர்களும் இறந்தனர். அந்த ரயரின் வயது பத்தொன்பதுக்கு மேல். பஸ்ஸைவிட மூத்தது, அதில் பயணித்த சிலரைவிடவும் மூத்தது. தேய்மானமோ சட்டத்துக்கு உட்பட்டே இருந்தது. இறந்தவர்களில் ஒருவரான 18 வயது மைக்கேல் மொலோயின் தாயார் பிரான்சிஸ் மொலோய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து பத்து வயதைத் தாண்டிய ரயர்களை லொறி, பஸ்களின் முன் சில்லுகளில் பூட்டுவது அங்கு தடைசெய்யப்பட்டது. நான் கொழும்புக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ அதே நாட்களில்தான்.

அந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொல்வதாகச் சொன்னேன். எங்கள் அப்புவிடம் முதலில் இருந்தது மரச்சில்லு வண்டில். கோடையில் மரம் வற்றி இரும்புப் பட்டம் கழன்றுவிடும் என்று சில்லைக் கழற்றிக் குளத்து நீரில் ஊறப் போடுவார். பிறகு கார் அச்சும் ரயரும் பூட்டிய வண்டில் வந்தது. மாடு சுகமாக இழுத்தது. அப்புவும் சில்லைப் பராமரிப்பதை விட்டுவிட்டார். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது நாங்கள் அந்த வண்டிலை விட்டுவிட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். மீண்டும் வளவுக்குள் கால் வைத்தது 2002இல், போர்நிறுத்தம் வந்தபிறகு. வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு நிலைகள் இல்லை. கிணற்றடிக்குப் பின்னால் பற்றைக்குள் வண்டில் மட்டும் நின்றது. பலகைகளைக் கறையான் தின்றிருந்தது. இரும்பு கழற்ற வந்தவர்களின் கண்ணில் அது ஏன் படவில்லையோ தெரியாது.

அன்று கண்ட ஒன்றை நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. தெற்கே பார்த்து வெயிலில் நின்ற சில்லின் ரயர் நாரும் கம்பியுமாக உரிந்து, கை வைத்ததும் துகளாக உதிர்ந்தது. மற்றது பூவரசின் அடியில், இலைச்சருகுக்குள் கிடந்தது. அதுவும் செத்த ரயர்தான். ஆனால் உருவம் குலையாமல், விரலால் அழுத்தினால் இன்னும் சற்றே அமிழ்ந்தது. ஒரே நாள் வாங்கியவை, ஒரே அச்சில் பூட்டியவை, ஒரே பன்னிரண்டு வருடம். நடுவில் இருந்தது ஒரு மரத்தின் நிழல்தான். அத்தான் அந்த அச்சை எடுத்து, கறள் சுரண்டி, கிறீஸ் பூசி, 2003இல் வள்ளத்துக்கு வண்டி செய்வித்தார். பூவரசு நிழலை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

வள்ளத்தின் அணியத்தை ஒட்டி முடிக்க இரண்டு மாதமாயிற்று. நண்டு படுகிற காலம் அப்படியே போயிற்று. செலவில் பெரும்பகுதியை நான் ஏற்றேன். அது தருமம் அன்று, கடன். புதிய ரயர் வாங்க மருமகனும் நானும் சேர்ந்தே போனோம். கடைக்காரர் விலை சொல்ல முதலே நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் குந்திவிட்டேன். "ஐயா என்ன தேடுறியள்?" என்றார். "சாதகம்" என்றேன். 3723 என்றிருந்தது. 2023 செப்டெம்பர். எடுத்துக்கொண்டோம்.

இப்போது வளவில் நடப்பது இதுதான். வள்ளம் கடலில் இருக்கும் மாதங்களில் வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பதில்லை. ஜக் அடித்து உயர்த்தி, அச்சின் கீழ் முருகைக்கல்லும் அதன்மேல் பனம்பலகையும் வைத்து, சில்லுகளைக் கழற்றிக் கொட்டிலின் இருண்ட மூலையில் வைத்துவிடுகிறான். வள்ளத்துடன் வண்டி சில வாரம் நிற்க வேண்டி வந்தால், கல்லின்மேல் பாரத்தை ஏற்றிச் சில்லைத் தரையிலிருந்து எழுப்பி, வெயில் படும் பக்கத்தில் கிடுகு சாத்துகிறான். கறுத்த பொலித்தீனால் சுற்றிக் கட்டலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அது வெயிலில் அடுப்பாகிவிடும். கிடுகுக்குள் காற்றுப் போய் வரும், ஒளி போகாது. கடைகளில் ரயருக்கென்று விற்கும் உறைகள் எங்கள் கிடுகைவிடச் சிறந்தவை என்று நான் நம்பவில்லை.

காற்றை விடியற்காலையில், சில்லு குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறான். நின்றாலும் ரயர் மாதத்துக்கு ஓர் இறாத்தல் அளவில் காற்றை இழக்கும். குறைந்த காற்றுடன் பாரம் இழுத்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கி உள்ளேயே சூடேறும். சப்பையாக நின்ற ரயரை அப்படியே காற்றடித்து வீதியில் இறக்கியதுதான் நாங்கள் செய்த பெரும் பிழை என்று ஒட்டுக்கடைக்காரர் பிறகு சொன்னார். மடிந்து கிடந்த இடத்தில் உள்நூல் ஏற்கெனவே முறிந்திருக்குமாம்.

ரயரை மினுக்க மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அது றப்பரை ஊதச் செய்து மென்மையாக்கிக் கெடுத்துவிடும். பெற்றோலிய எண்ணெய் கலந்த மினுக்குப் பூச்சுகளும் கூடாது. மின் மோட்டாரும் ஒட்டு வேலை நடக்கும் பட்டறையும் ஓசோனை உண்டாக்குபவை. அவற்றின் பக்கத்திலும் ரயரை வைக்கக்கூடாது. நீரிறைக்கும் மோட்டாரைக் கொட்டிலின் மற்ற மூலைக்கு மாற்றிவிட்டோம்.

தண்ணீர் விடயத்தில்தான் சண்டை வந்தது. கடலில் இறக்கி ஏற்றிய சில்லை நன்னீரால் கழுவ வேண்டும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் தீவில் வாழ்ந்தவர்கள் அல்லர். எங்கள் கிணறு உவர். குடிக்கும் நீர் பவுசரில் வருகிறது. நான் வாளியைத் தூக்கியதும் அக்கா வந்துவிட்டா. "மனுசருக்கு இல்லாத தண்ணி சில்லுக்கோ?" என்றா. அக்கா சொல்வதில் நியாயம் இருந்தது. உண்மையில் உப்பு றப்பரை அவ்வளவாகத் தின்பதில்லை. அது தின்பது இரும்பை: சில்லின் வளையத்தை, அச்சின் குண்டுகளை, ரயரின் வெடிப்புக்குள் புகுந்தால் உள்ளே இருக்கும் கம்பியை. கிணற்று உவர்நீர்கூடக் கடல்நீரை விட எவ்வளவோ மேல். ஆகவே முதற் கழுவல் கிணற்று நீரில். மாரியில் பீப்பாயில் பிடிக்கும் கூரைத்தண்ணீர் இருந்தால் கடைசியாக ஒரு செம்பு. வளையத்துக்கும் வால்கட்டைக்கும் மட்டும் அந்தச் செம்பு.

வெடித்த ரயரை எறிந்துவிடவில்லை. மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல வீடில்லை. துண்டு துண்டாக அரிந்து வள்ளத்தின் பக்கத்தில் அணையாகக் கட்டியிருக்கிறான். 1411 என்ற இலக்கம் உள்ள துண்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். என் எழுத்து மேசையில் இருக்கிறது.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வண்டியைப் பூட்ட வேண்டி இருந்தது. மருமகன் கொட்டிலுக்குள் போனவன் வெறுங்கையுடன் திரும்பி வந்தான். படுக்க வைத்திருந்த மேல் சில்லின் குழிக்குள் அக்காவின் பேட்டுக்கோழி அடைகிடக்கிறதாம், பதினொரு முட்டை. கையை நீட்டினால் கொத்துகிறதாம். இருண்ட, குளிர்ந்த, ஒருவரும் தொடாத இடமென்று நாங்கள் ரயருக்குத் தேர்ந்தெடுத்த மூலையைக் கோழியும் தேர்ந்தெடுத்திருக்கிறது. அக்காவிடம் கேட்டோம்.

"இன்னும் ஒன்பது நாள்" என்றா.

வள்ளம் ஒன்பது நாள் காத்திருந்தது.